அம்மாவின் பெயர் யாருக்குத் தெரியும்

ஞாயிறு, வாரத்தின் முதல் பள்ளி நாள். காலை 8.10.

ஹாஜி அப்துல் ஸாஹிர் மகளின் போனை அலுவலக மேஜைமேல் வைத்தார். சடலத்தைக் கிடத்துவதுபோல இரண்டு கைகளாலும் வைத்தார்.

"ஸுஹைலாவோட ஃபைலைக் குடுங்க. அவ படிச்சது போதும்."

எழுத்தர் ஃபிக்ரி அலமாரியைத் திறக்காமல் பக்கத்தில் நின்ற இன்ஸாஃபைப் பார்த்தார். மல்லவி ஊர்ப் பெண்கள் பள்ளியில் இன்ஸாஃப் பதினெட்டு வருடமாகக் கம்ப்யூட்டர் ஆசிரியை; ஊரில் எல்லாருக்கும் 'அப்லா', அதாவது டீச்சர். கையெழுத்துப் போட்டுத் தகப்பன் வாங்கிப்போன ஃபைல் ஒன்றுகூடத் திரும்பி வந்து அவள் பார்த்ததில்லை. ஸுஹைலாவுக்கு வயது பதின்மூன்று.

"என்ன ஆச்சு ஹாஜி?"

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். ஸுஹைலாவின் கணக்கில் முகப்புப் படம் மாறியிருந்தது. யாரோ உறவுக்காரியின் மருதாணி இரவில், பெண்கள் மட்டும் இருந்த அறையில் எடுத்த படம். தலையில் துணி இல்லை. கூந்தல் அவிழ, சிரித்துக்கொண்டே ஆடுகிறாள்.

"எனக்கு இதைக் காட்டினது முடிவெட்டறவன், அப்லா. கழுத்துல துணியக் கட்டிட்டு, 'ஹாஜி, இது உங்க பொண்ணுதானே'ங்கறான். எழுந்து ஓடவும் முடியல."

"போன் எங்க இருந்துச்சு?"

"பரீட்சை வருதுன்னு வியாழக்கிழமையே வாங்கி என் அலமாரியில வச்சுப் பூட்டிட்டேன். சாவி என் பையில."

"அப்ப அவ எப்படி மாத்தியிருப்பா?"

"பம்பு ரிப்பேரப் பத்திக் கேளுங்க, சொல்றேன். இதெல்லாம் எனக்குத் தெரியாது. வேற போன்லேர்ந்தும் போகலாம், ஒரு கேள்விக்குப் பதில் சொன்னா கதவு திறக்கும்னு என் அக்கா பையன் சொன்னான். அம்மா பேரு என்னன்னு கேள்வி." ஹாஜி குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்டுக்காரி பேரு எங்க தெருவுல ஒருத்தனுக்கும் தெரியாது. மூத்தவன் பத்ரியோட அம்மான்னுதான் தெரியும். கல்யாணப் பத்திரிகையிலகூடப் போடல. அப்ப உள்ள போனது யாரு? ஒண்ணு இவளே போயிருக்கணும், இல்ல, எவன்கிட்டயோ பேரைச் சொல்லியிருக்கணும். எதுவா இருந்தாலும் படிப்பு போதும்."

இன்ஸாஃப் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்தக் கேள்வியைச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். இரண்டு வாரத்துக்கு முன், ஏழாவது பாட வேளையில், இணையத்தில் பத்திரமாக இருப்பது எப்படி என்ற வகுப்பில், நாற்பத்து மூன்று பெண்களிடம் சொன்னாள்: பிறந்த ஊர் வேண்டாம், பூனையின் பேர் வேண்டாம், அதெல்லாம் தெருவுக்கே தெரியும். அம்மா பேரை வையுங்கள், அதை யாரும் வீட்டுக்கு வெளியே சொல்வதில்லை, மல்லவியில் அதைவிடப் பத்திரமான பூட்டு கிடையாது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவளுக்கும் தன் சாமர்த்தியம் பிடித்திருந்தது.

"போனை இங்க வச்சுட்டுப் போங்க ஹாஜி. நடுப்பகல் தொழுகை முடிஞ்சு வாங்க."

"வர்றேன். ஆனா கையெழுத்துப் போடாமப் போகமாட்டேன்."

காலை 8.40.

போனில் வந்திருந்த எச்சரிக்கை அஞ்சல்களை இன்ஸாஃப் படித்தாள். வெள்ளி 12.12: பாதுகாப்புக் கேள்விக்குச் சரியான பதில், கடவுச்சொல் மாற்றம். வெள்ளி 12.19: முகப்புப் படம் மாற்றம். இரண்டும் இதுவரை அந்தக் கணக்கைத் திறக்காத வேறொரு போனிலிருந்து.

பிறகு ஃபிக்ரியிடம் திரும்பினாள்.

"ஃபைல்ல பிறப்புச் சான்றிதழ் இருக்குல்ல? அதுல அம்மா பேரும் இருக்கும்ல?"

ஃபிக்ரியின் மீசை துடித்தது. "அப்லா, இருபது வருஷமா இந்த ஊர் அம்மாக்கள் பேரெல்லாம் என் அலமாரியில இருக்கு. என் பொண்டாட்டிகிட்டகூட ஒரு பேரைச் சொன்னதில்ல."

"தப்பா நினைக்காதீங்க. பேரை மட்டும் படிங்க."

அவர் ஃபைலைத் திறந்து, வேறு பக்கம் பார்த்தபடி, "தஃபீதா" என்றார்.

காலை 9.25.

ஸுஹைலா அழுது முடித்திருந்தாள். சட்டைக் கையின் உள்பக்கம் ஊசியால் குத்தியிருந்த பச்சைத் துணித் தாயத்தைத் திருகிக்கொண்டே இருந்தாள். பரீட்சை நேரம், வகுப்பில் பாதிப் பேர் கையில் அதுபோல ஒன்று இருந்தது.

"அந்தக் கேள்விக்கு என்ன பதில் வச்ச?"

"அம்மா பேரு."

"தஃபீதாவா?"

ஸுஹைலா இல்லையென்று தலையை ஆட்டினாள். எழுந்து வந்து இன்ஸாஃபின் காதில், "வஹீபா" என்றாள். "அது பெரியம்மா சர்டிஃபிகேட், அப்லா. குழந்தையிலேயே செத்துப்போனாங்களாம். தாத்தா அடுத்த பிள்ளைக்குப் புதுசா எழுதாம அதையே வச்சுட்டாரு. வீட்ல எல்லாரும் வஹீபான்னுதான் கூப்பிடுவோம்."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."

ஆக, ஃபைலைப் பார்த்தவன் திருடவில்லை. அந்த வீட்டுக்குள் வாய் திறந்து யாரோ சொன்ன பெயர்தான் வெளியே போயிருக்கிறது. சொன்னது இவள் இல்லை என்றால்?

"அந்தத் தாயத்தைக் கழட்டு."

"பிரிச்சா பலிக்காது அப்லா."

"பலிச்சது போதும்."

தையலைப் பிரித்தாள். உள்ளே எட்டாக மடித்த காகிதம். கட்டங்களுக்கு நடுவே எழுதியிருந்தது: ஸுஹைலா, வஹீபாவின் மகள்.

இன்ஸாஃப் கண்ணை மூடிக்கொண்டாள். கடைக்காரனிடமும் மாப்பிள்ளை வீட்டிலும் பொத்திப் பொத்தி வைக்கும் பெயரைத் தாயத்து எழுதுகிறவளிடம் மட்டும் யாரும் மறைப்பதில்லை. மந்திரத்துக்குத் தகப்பன் பேர் போதாது, தாய் பேர்தான் வேண்டும். சிறு வயதில் இன்ஸாஃபின் அம்மாவும் அப்படித்தான் பேரைக் கொடுத்தாள். வகுப்பில் அது எப்படி நினைவுக்கு வராமல் போயிற்று?

"இதை யாரு கொண்டுவந்து குடுத்தா?"

"மஹாஸின். அவ அத்தை எழுதுவாங்க. எங்க பக்கத்து வீடு அவ. வகுப்புல இதை வச்சிருக்கற எல்லாருக்கும் அவதான் வாங்கிக் குடுத்தா."

காலை 11.05.

மஹாஸின் உயரமான பெண். கடைசி வரிசை. சொந்தப் போன் கிடையாது.

"வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு எங்க இருந்த?"

"வீட்ல. மொலோகியா கீரை ஆய்ஞ்சுட்டு இருந்தேன் அப்லா."

"உங்கண்ணன்?"

"பள்ளிவாசல்ல."

"குத்பா பிரசங்கம் கேட்க. ஊர்ல இருக்கற ஆம்பளைங்க எல்லாரும் அந்த நேரத்துல அங்கதான். அவன் போன்?"

மஹாஸின் நோட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"சார்ஜ்ல இருந்துச்சா?"

"ம்."

"சொந்தப் போன் இருக்கறவ அந்த நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்ல. யாருமில்லாத அரை மணி நேரம் போன் இல்லாதவளுக்குத்தான் வேணும். வஹீபாங்கற பேரு அந்த வீட்டுக்கு வெளிய ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஒண்ணு உங்க அத்தை, அவங்களுக்கு இந்தக் கணக்கு வழக்கெல்லாம் தெரியாது. இன்னொண்ணு நீ. என் வகுப்பை நீதான் ஒழுங்காக் கேட்டிருக்க."

பெண் நோட்டுப் புத்தகத்திலிருந்து தானாகவே ஒரு தாளை உருவி மேஜைமேல் வைத்தாள். இருபத்தாறு பெண்களின் பேர். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தாயின் பேர். இருபத்தாறு வீட்டுச் சாவிகள் ஒரே தாளில்.

"ஏன் மஹாஸின்?"

அவள் சொன்னாள். அதிக நேரம் ஆகவில்லை. சொல்லி முடித்ததும் அலுவலகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, தான் போட்ட கடவுச்சொல்லால் கணக்கைத் திறந்து, உள்ளே ஸுஹைலா சேமித்திருந்ததிலிருந்து எடுத்து முகப்பில் போட்ட படத்தை நீக்கினாள். அவள் சொன்ன காரணத்தை ஸுஹைலா கேட்டால் சொல்லலாம், ஹாஜியிடம் வேண்டாம் என்று இன்ஸாஃப் நினைத்தாள்.

பகல் 12.35.

"உங்க வீட்ல வேற போன் இருக்கா ஹாஜி?"

"அவங்கம்மாகிட்ட பட்டன் போன். என்னோடது என் பையில இருந்துச்சு. நான் பள்ளிவாசல்ல."

"படம் மாறினது வெள்ளி பன்னிரண்டே கால் சுமாருக்கு, வேற போன்லேர்ந்து. உங்க பொண்ணுகிட்ட அப்ப எந்தப் போனும் இல்ல. பேரையும் அவ சொல்லல." இன்ஸாஃப் பிரித்த தாயத்தை நீட்டினாள். "வீட்ல கேளுங்க."

அவர் காகிதத்தைப் படித்தார். மனைவியைக் கூப்பிட்டார், அந்தப் பழைய பட்டன் போனில் அவள் கத்திப் பேசித்தான் பழக்கம், எல்லாருக்கும் கேட்டது.

"நான்தான் குடுத்தேன். சர்டிஃபிகேட் பேரக் குடுத்தா பலன் செத்துப்போன எங்கக்காவுக்கில்ல போய்ச் சேரும். ஏன், பரீட்சை முடிஞ்சிருச்சா?"

ஹாஜி போனை அணைத்தார். ஃபிக்ரி பதிவேட்டில் அவசரமாக எதையோ தேடினார்.

"இதைக் கொண்டுவந்த பொண்ணு எங்க?"

மஹாஸின் கதவோரம் நின்றிருந்தாள். இன்ஸாஃப் அவளைப் போகச் சொல்லியிருந்தாள், போகவில்லை. ஸுஹைலாவும் அவள் பக்கத்தில்.

"நான்தான் செஞ்சேன் மாமா."

"உனக்கு என் பொண்ணு என்ன கெடுதல் செஞ்சா?"

"ஒண்ணுமில்ல." அவள் தரையைப் பார்த்தாள். "அரையாண்டோட என்னை நிறுத்தறாங்க. கல்யாணம் பேசி முடிச்சுட்டாங்க. ஸுஹைலாவும் வீட்லயே இருந்தா மொட்டைமாடிச் சுவர் வழியாப் பேசிக்கலாம்னு நினைச்சேன். வேற யாரும் இல்ல எனக்கு."

"லூசு," என்றாள் ஸுஹைலா. "கேட்டிருந்தா தினமும் சாயங்காலம் வந்திருப்பேனே."

காலையில் கொண்டுவந்த கோபத்தை யாரிடம் இறக்கி வைப்பதென்று ஹாஜிக்குத் தெரியவில்லை. பேனாவை ஃபிக்ரி பக்கம் தள்ளினார்.

"ஃபைலை உள்ள வைங்க." பிறகு மஹாஸினிடம், "உங்கப்பன்கிட்ட சொல்லமாட்டேன். சொன்னா அரையாண்டு வரைக்கும்கூட விடமாட்டான். போ."

கதவருகே திரும்பி, "போன் அலமாரியிலதான் இருக்கும்" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பகல் 1.15. ஏழாவது பாட வேளை.

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடி நான் சொன்னது தப்பு," என்றாள் இன்ஸாஃப். நாற்காலியில் உட்கார்ந்தே சொன்னாள். "அம்மா பேரை வைக்காதீங்க. வீட்டுக்குப் போனதும் மாத்துங்க. கேள்வி உண்மையைக் கேட்கும், நீங்க பொய்யைச் சொல்லணும். உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச பொய்."

"அம்மா பேர்ல பொய் சொன்னா பாவமில்லையா அப்லா?"

"மெஷின்கிட்ட சொன்னாப் பாவமில்ல."

"அப்ப வாத்துன்னு வைக்கலாமா? அம்மா அப்படித்தான் நடப்பாங்க."

வகுப்பு சிரித்தது. இன்ஸாஃபுக்கும் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் அடங்கியது. எழுந்து பலகையில் முதல் விதியை எழுதினாள்.

கடைசி வரிசையில் மஹாஸின் நோட்டைத் திறந்து வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கணக்கு இல்லை, போன் இல்லை, மூன்று வாரம் கழித்துப் பள்ளியும் இல்லை. நீ எழுத வேண்டியதில்லை என்று சொல்ல இன்ஸாஃப் வாயெடுத்தாள்.

"ரெண்டாவது என்ன அப்லா?" என்றாள் மஹாஸின், தலை நிமிராமல்.

இன்ஸாஃப் இரண்டாவது விதியை எழுதினாள். கடைசி வரிசைக்கும் தெரியும்படி பெரிய எழுத்தில், மெதுவாக.