நின்ற பிறகு ஒரு காலடி

காதல் கதை என்றால் முதல் சந்திப்புக்கு ஒரு மழை வேண்டும், ஒரு குடை வேண்டும், பட்டென்று மோதிக்கொள்ள இரண்டு ஜோடிக் கண்கள் வேண்டும். இந்தக் கதையில் மழை கொஞ்சம் தாமதமாகத்தான் வருகிறது. முதலில் வந்தது ஒரு கமெண்ட்.

திங்கட்கிழமை மதியம். கண்ணாடிக்கடையின் பின்னறையில், டிபன் பாக்ஸைத் திறக்காமலே போனைத் திறந்தாள் அவள். வருகிறவர்களின் கண்ணைச் சோதித்து, "இது தெளிவா தெரியுதா... இப்ப?" என்று நாள் முழுக்கக் கேட்பது அவள் வேலை. வெள்ளிக்கிழமை மட்டும் லீவு போட்டிருந்தாள். இணையத்தில் ஒரு கேம் ஜாம். வெள்ளி பிறந்ததும், நள்ளிரவில் தலைப்புக் கொடுப்பார்கள். ஞாயிறு மாலைக்குள் ஒரு குட்டி விளையாட்டைச் செய்து அனுப்ப வேண்டும். பிறகு ஒரு வாரம், ஊர்பேர் தெரியாதவர்கள் விளையாடிப் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள்.

இந்த முறை தலைப்பு, 'திரும்பிப் பார்க்காதே'.

அவள் செய்தது சின்ன விளையாட்டுதான். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி இருட்டு மாடிப்படிகளில் ஏழு தளம் இறங்க வேண்டும். உடைந்த படிகளைத் தாவ வேண்டும். எங்கேயாவது திரும்பிப் பார்த்துவிட்டால் மறுபடி உச்சிக்கே போக வேண்டும். அந்தப் பின்னல்காரியை வரைந்தது அவள் இல்லை, அவள் அண்ணன். வரைந்ததோடு சரி... ஒரு காய்ச்சல், எட்டே நாள், போய்விட்டான். அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது.

கருத்துகள் பதினொன்று வந்திருந்தன. 'தாவல் கொஞ்சம் வழுக்குது.' 'கடைசி தளத்துக் கதவு திறக்கவே இல்ல, ஏமாத்து வேலை!' அது அவளுக்கே தெரியும். கடைசி தளத்தை, நேரம் முடியப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது அவசர அவசரமாக ஒட்டவைத்தாள். சோதித்துப் பார்க்கவில்லை.

பதினோராவது கருத்து 'ஸ்பேனர்' என்ற பெயரில் இருந்தது.

'நல்லா இருக்கு. ஒரு சந்தேகம். அந்தப் பொண்ணு நின்ன பிறகு ஒரு காலடி கூடுதலா கேக்குதே... அது யாரு?'

அவளுக்குச் சுள்ளென்று வந்தது. மூன்று நாள் தூங்காமல் செய்தவளுக்குத் தெரியாததா இந்த ஸ்பேனருக்குத் தெரிந்துவிட்டது?

'அப்படி எதுவும் இல்ல. உங்க ஹெட்போனை ரிப்பேருக்குக் குடுங்க' என்று எழுதினாள்.

ஒரே நிமிடத்தில் பதில் வந்தது. 'ரிப்பேர்தாங்க என் தொழிலே. ஹெட்போன் நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் உங்க விளையாட்டைக் காது குடுத்துக் கேக்கல.'

திமிர் பிடித்தவன்! டிபன் பாக்ஸை அப்படியே மூடிவைத்தாள். அவள் சரியாகச் சாப்பிட்டே ரொம்ப நாளாகிறது, அது வேறு விஷயம்.

சாயங்காலம் அண்ணன் அறையில், அண்ணனுடைய கம்ப்யூட்டரில், அண்ணனுடைய ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பட்டனை அழுத்தினாள். பின்னல்காரி நடந்தாள்... டக், டக், டக். விட்டாள். பின்னல்காரி நின்றாள்.

டக்.

கொஞ்சம் தள்ளி. கொஞ்சம் கனமாக. பின்னால்.

மறுபடி அழுத்தினாள். ஆறாவது மாடியில் அப்படி. ஐந்தாவது மாடியில் அப்படி. முதல் மாடி வரைக்கும் ஆறு திருப்பங்களிலும், நின்ற பிறகு ஒரு காலடி. அவள் வைக்காத காலடி.

அந்தச் சத்தங்கள் அவளுடைய சொந்தச் செருப்புச் சத்தங்கள்தாம். வெள்ளிக்கிழமை அதிகாலை, ஏழாவது மாடியிலிருக்கும் தன் வீட்டிலிருந்து தரைத்தளம் வரை போனைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிப் பதிவு செய்தாள். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்றாள். அவசரத்தில் அந்தப் பதிவைக் காதால் கேட்டு வெட்டவில்லை. திரையில் தெரிந்த கோடுகளைப் பார்த்துத் துண்டுதுண்டாக வெட்டினாள். நின்ற பிறகு வந்த அந்தச் சத்தம் வால் மாதிரி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தெரிந்து, அன்றைக்குப் படிக்கட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை.

சின்ன வயதில் இந்தப் படியில் இறங்க அவளுக்குப் பயம். அண்ணன் சொல்வான்: "நீ முன்னாடி போடி வாலு. நான் பின்னாடியேதான் வரேன். திரும்பிப் பாக்காத."

அடுக்களைக்கு ஓடி அம்மாவை இழுத்துக்கொண்டு வந்தாள். ஹெட்போனை அம்மா காதில் மாட்டிப் பட்டனை அழுத்தினாள். "கேளும்மா... நல்லாக் கேளு."

அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஆறு மாடியும் கேட்டாள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு மகளின் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"அவன்தான்டி" என்றாள்.

அன்றைக்கு அவள் தட்டில் விழுந்ததையெல்லாம் சாப்பிட்டாள். மறுநாள் கடையில் யாரோ ஜோக் அடித்தபோது சிரிக்கக்கூடச் செய்தாள். வீட்டுக்கு வந்தால் வாசல் கதவு ஒரு சாண் திறந்து கிடந்தது.

"ஏம்மா கதவு திறந்திருக்கு?"

"இருக்கட்டும்" என்றாள் அம்மா. அதற்கு மேல் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

புதன்கிழமை மழை பிடித்துக்கொண்டது. லிஃப்ட் பழுதாகி இரண்டு வாரம் ஆகியிருந்தது. கடை முடிந்து, நனைந்த துப்பட்டாவோடு படியேறினாள். நாலாவது மாடிக்கு மேல் விளக்கும் இல்லை. ஜன்னலில் மழைத்தண்ணீர் ஓடியது. சுவரெல்லாம் நெளிந்து நெளிந்து நிழல்...

டக், டக், டக்.

மேலே யாரோ நடக்கிறார்கள். அவள் நின்றாள். சத்தமும் நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

டக்.

அந்தக் காலடி. அதே கனம், அதே தூரம். ஹெட்போனில் இல்லை... படிக்கட்டில்! அவளுக்கு ஓடத் தோன்றவில்லை. ஓடினால் அவன் போய்விடுவானே?

"அண்ணா..?" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"எந்த அண்ணனைத் தேடுறீங்க?" என்றது இருட்டு.

படியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு கருவிப் பை. கையில் போன். அந்த வெளிச்சத்தில் முகம் மட்டும் தெரிந்தது. கன்னத்தில் ஒரு கோடு கிரீஸ், அதற்கு மேலே இரண்டு பெரிய கண்கள். நாள் முழுக்கக் கண்களையே பார்க்கிறவள் அவள். இப்படி எதையும் ஒளித்துவைக்கத் தெரியாத கண்களைப் பார்த்ததில்லை. போன் திரையில் பின்னல்காரி நின்றுகொண்டிருந்தாள்.

"அது... என் விளையாட்டு!"

"அப்ப அந்த ஹெட்போன் ஆலோசகர் நீங்கதானா?" அவன் எழுந்து நின்றான். "நான்தாங்க ஸ்பேனர். லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டுக்குள்ள நோட்டீஸ் ஒட்டியிருந்தீங்களே, 'நம்ம கட்டடத்துல செஞ்ச விளையாட்டு, கருத்துச் சொல்லுங்க'ன்னு. வேலை நின்ன லிஃப்டுல ஒட்டினா என்னைத் தவிர யாரு பாப்பாங்க?"

சிரிப்பு வந்தது. அடக்கினாள். "காது ரொம்பக் கூர்மையோ?"

"மோட்டார் சத்தத்தை வெச்சே எந்த பேரிங் தேஞ்சிருக்குன்னு சொல்லணும். அதான் பொழப்பு." அவன் தயங்கினான். "கோவமா இன்னும்?"

"இல்ல. நன்றி சொல்லணும்." அவன் கண்களைப் பார்த்து, எப்படி என்றே தெரியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அண்ணன், காய்ச்சல், பின்னல்காரி, அம்மா சொன்னது, திறந்து கிடக்கும் கதவு... "அது என் அண்ணன் காலடி. நான் தனியா இல்ல. அது மட்டும் தெரிஞ்சா எனக்குப் போதும்."

அவன் சிரிப்பு எங்கேயோ போயிருந்தது.

"எப்பங்க ரெக்கார்ட் பண்ணீங்க?"

"வெள்ளிக்கிழமை. விடியறதுக்கு முன்னாடி. ஏன்?"

"ஒண்ணுமில்ல" என்றான். பையைத் தூக்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே மேலே போய்விட்டான்.

வியாழன் அவனைக் காணோம். வெள்ளியும் காணோம். அந்தக் கமெண்டும் காணோம், அழித்திருந்தான்! 'பேய்க்கதை சொன்னா எவன் நிப்பான்? உனக்கு வேணும்டி' என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் படியேறும்போதெல்லாம் நாலாவது மாடியில் கால் தானாக நின்றது. அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

சனிக்கிழமை காலை, திறந்திருந்த கதவுக்கு வெளியே அவன் வந்து நின்றான். கண்கள் சிவந்திருந்தன.

"லிஃப்ட் ஓடுது. நான் இன்னியோட கிளம்பிடுவேன்" என்றான். "போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு உதவி. அன்னிக்கு மாதிரியே கீழ இறங்குங்க. திரும்பிப் பாக்காதீங்க."

"எதுக்கு?"

"ப்ளீஸ்..."

இறங்கினாள். டக், டக், டக். ஆறாவது மாடித் திருப்பத்தில் நின்றாள்.

டக்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

நாலு படி மேலே அவன் நின்றிருந்தான். ஒரு கால் அப்போதுதான் தரையைத் தொட்டிருந்தது.

"அன்னிக்கு ராத்திரி வேலை முடிஞ்சு மொட்டைமாடி மோட்டார் ரூம்லேருந்து வந்துட்டிருந்தேன்" என்றான். "நீங்க சுவரைத் தடவிட்டே இறங்கிட்டிருந்தீங்க. அழுதுட்டே... லைட்டு வேற இல்ல. கூப்பிட்டா பயந்து விழுந்துடுவீங்க. அப்படியே விட்டுட்டுப் போகவும் மனசு வரல. சத்தம் வராம பின்னாடியே வந்தேன். நீங்க நின்னா நானும் தூக்கின காலோட நின்னேன். கையில எண்ணெய் டின் வேற... எவ்வளவு நேரம்தான் ஒத்தக்கால்ல நிக்கிறது? வெச்சுட்டேன். அந்தக் காலடி என்னுதுங்க."

அவளுக்குக் காதில் எதுவும் விழாதது போலிருந்தது. பிறகு எல்லாம் விழுந்தது.

"எனக்கு இருந்தது அது ஒண்ணுதான்!" என்று கத்தினாள். "அதையும் கழட்டி எடுத்துட்டீங்கல்ல? சொல்லாமயே போயிருக்கலாமே!"

"ரெண்டு நாளா அதான் முயற்சி பண்ணேன். பொய்யை வெச்சுட்டு உங்களை நினைக்க முடியல."

அவள் படியேறி ஓடினாள். அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அது அண்ணன் இல்லம்மா... ஏமாந்துட்டோம்மா" என்று தேம்பினாள். அம்மாவின் கை அவள் தலையை மெதுவாகத் தடவியது.

"தெரியும்டி."

நிமிர்ந்து பார்த்தாள்.

"அவன் எங்கடி படியில நடந்தான்? ஒவ்வொரு தடவையும் கடைசி ரெண்டு படியை ரெண்டு காலையும் சேர்த்துக் குதிப்பான். எத்தனை தரம் திட்டியிருக்கேன்! பெத்தவளுக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் அவன்தான்னு சொன்ன?"

"ரெண்டு வருஷம் கழிச்சு உன் முகத்துல உயிர் வந்துச்சு. நீ ஒரு வாய் சாப்பிடுவேன்னு சொன்னேன்."

"கதவை ஏன் திறந்து வெச்ச?"

"ஆறு மாடியும் என் பொண்ணு பின்னாடியே ஒருத்தன் பதறிப் பதறி வந்திருக்கான். யாருன்னு நான் பாக்க வேண்டாமா?" அம்மா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். "போ. லிஃப்டுல போ, சீக்கிரம் போகலாம்."

அவன் தரைத்தளத்தில் 'பழுது' என்ற அட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். லிஃப்ட் கதவு திறந்தது. இரண்டு ஜோடிக் கண்கள் பட்டென்று மோதிக்கொண்டன.

"சத்தமில்லாம ஓடுதா?" என்று கேட்டான், என்ன பேசுவது என்று தெரியாமல்.

"ஓடுது."

"ஒண்ணு சொல்லணும்." அட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அன்னிக்கு விழாம இருக்கணுமேன்னுதான் பின்னாடி வந்தேன். மறுநாளும் அதே நேரத்துக்கு அந்தப் படியில வந்து நின்னேன். அது எதுக்குன்னு எனக்கே அப்ப தெரியல. இப்ப தெரியுது. உங்களைப் பிடிச்சிருக்கு. இனி எங்க நடந்தாலும் உங்ககூட நடக்கணும்போல இருக்கு. பதில் சொல்லலைன்னாலும் பரவால்ல..."

அவள் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டாள். "ஏறுங்க" என்றாள்.

"எங்க?"

"கடைசிக் கதவு திறக்கலைன்னு ஆளாளுக்குத் திட்டியிருக்காங்க. இப்பதான் சரிபண்ணப் போறேன். பக்கத்துல உக்காந்து கேளுங்க. உங்க காதுதான் கூர்மையாச்சே!"

மழை மறுபடி தூறத் தொடங்கியிருந்தது. அண்ணன் அறையில் அவள், அந்தக் கதவைத் திறக்கவிடாமல் வைத்திருந்த ஒரே ஒரு எண்ணை மாற்றினாள். ஸ்பீக்கரைப் போட்டாள். அம்மா வாசற்படியில் சாய்ந்து நின்றாள். பின்னல்காரி இறங்கினாள். ஆறாவது மாடி, டக். "நான்" என்றான் அவன். ஐந்து, டக். "நான்." நாலு, மூன்று, இரண்டு... ஒவ்வொன்றுக்கும் அவன் கை உயர்த்த, அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முதல் மாடி, டக். "அதுவும் நான். அதோட நின்னுட்டேன். கீழ வெளிச்சம் இருந்துச்சு, இனி விழ மாட்டீங்கன்னு."

யாருமே இதுவரை திறக்காத கதவு திறந்தது. தரைத்தளம். பின்னல்காரி கடைசிப் படியில் இறங்கி நின்றாள்.

தொம்.

இரண்டு கால்கள் சேர்ந்து குதித்த சத்தம்.

மூவரும் அசையவில்லை. பின்னல்காரி தாவும் சத்தத்துக்கு அவள் தலையணையைத் தட்டித்தான் பதிவு செய்திருந்தாள். இது தலையணை இல்லை. இது அன்றைக்குப் பதிவான படிக்கட்டு.

அவன் மெல்ல அவள் பக்கம் திரும்பினான். உதடு வெளுத்திருந்தது. "அது... நான் இல்லங்க."

"தெரியும்" என்றாள் அவள். அவள் கை தானாக நீண்டு, கிரீஸ் படிந்த அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டது. "எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு" என்றாள், அண்ணனுக்கும் கேட்கும்படியாக.

அம்மா நடந்து போய், ஐந்து நாளாகத் திறந்து கிடந்த வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.