காணாமல் போன ஆயிரத்து நூறு கொல்லைகள்

திங்கட்கிழமை, காலை 9.40.

பெரம்பலூரில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்த சாஃப்ட்வேர் ஆபீஸில் ஆயிரத்து நூறு முந்திரிக் கொல்லைகள் காணாமல் போயிருந்தன.

மண்ணும் மரமுமாக அல்ல, கணினிப் பதிவுகளாக. ஆண்டிமடம் பக்கத்து முந்திரி விவசாயிகள் சங்கத்துக்காகப் பெண்கள் சிலர் ஆறு வாரம் வெயிலில் அலைந்து எடுத்த கணக்கெடுப்பு அது. யார் கொல்லையில் எத்தனை மரம், என்ன வயது, எந்தப் பூச்சி என்று எல்லாம் அதில் இருந்தது. பதினோரு மணிக்கு அதிகாரிகள் பார்க்க வருவதாக ஏற்பாடு. முதலாளி பாலசுந்தரம் ஒத்திகைக்காகத் திரையைத் திறந்தார். பதிவுகள் பூஜ்யம் என்று காட்டியது. மூடிவிட்டு மறுபடி திறந்தார். அப்போதும் பூஜ்யம்தான்.

பகல் 12.15. சைபர் கிரைம் சப்-இன்ஸ்பெக்டர் மணிமொழியின் மேசைக்குப் புகார் மனு வந்துவிட்டது. மனுவிலேயே குற்றவாளியின் பெயரும் இருந்தது.

மணிமொழிக்குச் சட்டென்று எரிச்சல் வந்தது. இருபது வருஷ சர்வீஸில் அவருக்கு ஒரு பழக்கம். தோல் உரித்த வாழைப்பழமாகக் கையில் வைக்கப்படும் எந்தப் புகாரையும் அவர் உடனே விழுங்குவதில்லை. எதிரே பாலசுந்தரமும், ஆபீஸின் மூத்த புரோகிராமர் வீரமணியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அபிநயாங்கிறது யாரு?"

"எங்க ஆபீஸ் பொண்ணுதான் மேடம். தா.பழூர்க்காரப் பொண்ணு. ரெண்டு வருஷமா இருக்கு," என்றார் பாலசுந்தரம். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

"எதை வச்சு அது மேல சந்தேகம்?"

வீரமணி ஒரு தாளை நீட்டினார். மெஷின் தானாகவே எழுதி வைக்கும் குறிப்பிலிருந்து ஒரே ஒரு வரி அதில் அச்சாகியிருந்தது. சனிக்கிழமை, 06:12, தரவுத்தளம் காலியாகத் தொடங்கியது.

"காலைல ஆறு பன்னெண்டா?"

"இல்லீங்க மேடம். இது கண்டெய்னருக்குள்ள ஓடுற கடிகாரம். அதுல லண்டன் நேரம்தான் இருக்கும். நாம அஞ்சரை மணி கூட்டிக்கணும். பதினொன்னு நாப்பத்திரண்டு."

"ஆமாங்க, எப்பவும் கூட்டித்தான் பாப்போம்," என்று பாலசுந்தரமும் தலையாட்டினார்.

"கண்டெய்னர்னா?"

"சாப்பாட்டுக் கேரியர் மாதிரி மேடம்," என்றார் வீரமணி. "ஒரு சாஃப்ட்வேர் ஓட என்னென்ன வேணுமோ அத்தனையும் ஒரே பெட்டியில அடைச்சிடுவோம். எந்த மெஷின்ல திறந்தாலும் ஒரே மாதிரி ஓடும். 'கொல்லை'ன்னு நாங்களே கட்டுன ஃப்ரேம்வொர்க். இன்னிக்கு முந்திரி, நாளைக்கு பருத்தி, மக்காச்சோளம், எல்லாத்துக்கும் அதே அடித்தளம்தான். ஆண்டிமடத்துல நெட் சரியா வராது. அதனால மெஷினை சங்கத்துலயே வச்சு அங்கயே ஓட விட்டிருக்கோம்."

"கொல்லைக் கணக்கும் அந்தப் பெட்டிக்குள்ளதான் இருந்துச்சா?"

"இல்ல மேடம். அது பெட்டிக்கு வெளிய, மெஷின்ல தனி இடத்துல. பெட்டியை மாத்திப் புதுசா வச்சாலும் அது போகாது. வேணும்னு அழிச்சாத்தான் போகும்."

"நகல் எடுத்து வைக்கிறதில்லையா?"

"வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அந்தத் தனி இடத்துலேருந்து தானா எடுக்கும் மேடம். அதையும் சேத்து அழிச்சிருக்காங்க."

மணிமொழி நோட்டில் எழுதிக்கொண்டார். "யார் யார் அழிக்க முடியும்?"

"ரெண்டே பேருதான். நானும் அபிநயாவும். நெட் கிடைக்கிறப்ப இங்கேருந்தே அந்த மெஷினுக்குள்ள போகலாம். எங்க ரெண்டு லேப்டாப்புலதான் அதுக்கான பாஸ்வேர்ட் வேலை செய்யும்."

"சனிக்கிழமை பதினொன்னு நாப்பத்திரண்டுக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"சாரோட தங்கச்சி மவ கல்யாணம் மேடம். காலைல எட்டு மணிக்கே மண்டபத்துக்கு வந்துட்டேன். பந்தியில சாம்பார் வாளியோட நின்னவன் நான்தான். எரநூறு பேரு பாத்திருக்காங்க."

"அந்தப் பொண்ணு?"

"ஆபீஸ்ல தனியா இருந்துச்சு," என்றார் பாலசுந்தரம். "ஒம்போது மணிக்கு மண்டபத்துக்கு வந்து என்கிட்ட சாவி வாங்கிட்டுப் போச்சு. வேலை கெடக்குன்னு சாப்பிடக்கூட நிக்கல."

"ஆபீஸ் லேப்டாப்பெல்லாம்?"

"ஆபீஸ்லயே பூட்டிடுவோம். வீரமணி மட்டும் வூட்டுக்குக் கையோட எடுத்துட்டுப் போவாரு."

மாலை 3.30. அபிநயா வந்தாள். இருபத்து நாலு வயது, ஒல்லியான பெண். அழுது முகம் வீங்கியிருந்தது. ஆனால் பேச்சு குழறவில்லை.

"சனிக்கிழமை என்ன செஞ்சே?"

"படிவத்துல எழுத்தெல்லாம் சின்னதா இருக்குன்னு பெருசாக்கிட்டிருந்தேன் மேடம். ஆண்டிமடம் மெஷின் பக்கமே போகல."

"அழிச்ச வரி உன் நேரத்துல விழுந்திருக்கே. அந்த அஞ்சரை மணி கணக்கு சரிதானா?"

"அது சரிதான் மேடம். எப்பவும் அப்படித்தான் கூட்டுவோம்."

குற்றம் செய்தவள் அந்த இடத்தில் கொஞ்சமாவது மழுப்பியிருப்பாள். இவள் தன் கழுத்துக்கான கயிற்றைத் தானே அளந்து கொடுக்கிறாளே என்று மணிமொழி நினைத்தார்.

"வேலையை விடப்போறியாமே?"

"வி.ஏ.ஓ. பரீட்சையில பாஸ் ஆயிட்டேன் மேடம். அடுத்த வாரம் சர்டிபிகேட் சரிபாக்குறாங்க. அப்புறம் போலீஸ் விசாரணை வரும். கேஸுல என் பேரு ஏறுச்சுன்னா வேலை போச்சு. மூணு வருஷமா படிச்சேன் மேடம்."

போகிறவள்தானே, கெடுத்துவிட்டுப் போயிருப்பாள் என்று பாலசுந்தரம் நினைத்ததற்கும் காரணம் அதுவே. மணிமொழி மனுவை வாங்கி வைத்தாரே தவிர, வழக்காகப் பதியவில்லை. புதன்கிழமை வரை பொறுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை. ஸ்டேஷன் ஜீப் வழக்கம்போல மெக்கானிக்கிடம் கிடந்தது. மணிமொழி அரியலூர் போய், ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறி, காலை 11.20க்கு ஆண்டிமடத்தில் இறங்கினார். சங்கத்துக் குடோனில் முந்திரி மூட்டைகளுக்குப் பக்கத்தில், ஒரு மர மேசையில் அந்த மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கணக்கெழுதும் சாந்தா மேசையைத் துடைத்து நாற்காலி போட்டாள்.

"சனிக்கிழமை மத்தியானம் இங்க யாராச்சும் வந்தாங்களாம்மா?"

"யாரு வருவா? வெள்ளிக்கிழமையோட பதிவு வேலை முடிஞ்சு போச்சுங்க. நான் மட்டும் வந்து இருட்டுல உக்காந்துட்டுப் போனேன்."

"இருட்டுலயா?"

"கரண்டு ஏதுங்க அன்னிக்கி? மாசாமாசம் லைன் வேலைன்னு ஒரு நாளு நிறுத்துவாங்கல்ல. காலைல ஒம்போதுக்குப் போனது, சாயந்தரம் நாலு மணிக்குத்தான் வந்துச்சு. மாவு மில்லுகூட ஓடல. இட்லிக்கு ஊற வச்சதெல்லாம் புளிச்சே போச்சு."

மணிமொழி மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். மெஷினின் வயர் நேராகச் சுவருக்குப் போனது.

"பேட்டரி இல்லியா?"

"வாங்கியாரேன்னு வீரமணி தம்பி ரெண்டு மாசமா சொல்லுது. கரண்டு வந்தா தானா ஆன் ஆயிக்கும், நீங்க தொட வேண்டாம்னுட்டுது."

மணிமொழி நோட்டை எடுத்து 9, 4 என்று இரண்டு எண்களை எழுதி அடிக்கோடு போட்டார். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தும் அவர் தூங்கவில்லை. உயிரில்லாத மெஷினில் பகல் 11.42க்கு யார் எதை அழிக்க முடியும்?

புதன்கிழமை, காலை 11 மணி. செருப்புக் கடை மாடியில் நால்வரும் உட்கார்ந்தார்கள். மணிமொழி அபிநயாவை அவளுடைய லேப்டாப்பைத் திறக்கச் சொன்னார்.

"எதுக்கு மேடம் அதுகிட்ட கொடுக்குறீங்க? நான் காட்டுறேன்," என்று வீரமணி எழுந்தார்.

"நீங்க உக்காருங்க. ஏம்மா, சனிக்கிழமை எழுதுன வரி எல்லாத்தையும் படி. ஒன்னு விடாம."

"ரெண்டு வரிதான் மேடம். ஒன்னு 06:12. அடுத்தது 16:05, மெஷின் நின்னு போய் மறுபடி ஆன் ஆயிருக்கு."

"ரெண்டாவது வரி தாள்ல இல்லையே வீரமணி?"

"அது தேவையில்லைன்னு விட்டுட்டேன் மேடம்."

"எனக்குத் தேவைப்படுதே. ஆண்டிமடத்துல சனிக்கிழமை ஒம்போது மணிக்கு கரண்டு போச்சு, நாலு மணிக்கு வந்துச்சு. மெஷின் நாலு அஞ்சுக்கு எழுந்திரிச்சிருக்கு. இதுல எதுக்குங்க அஞ்சரை மணியைக் கூட்டணும்? இந்தக் கடிகாரம் லண்டன்ல ஓடல. ஆண்டிமடத்துலயேதான் ஓடுது."

"பெட்டி கட்டுறதுக்கு ஒரு செய்முறை எழுதி வச்சிருப்பீங்களாமே. அதையும் படிம்மா."

அபிநயா ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே வந்தாள். பாதியில் நின்றாள். "இந்திய நேரம் வைக்கிற வரி ஒன்னு இருக்கு மேடம். முன்னாடி கிடையாது. வெள்ளிக்கிழமை சாயந்தரம் சேத்திருக்கு." கொஞ்சம் தயங்கினாள். "வீரமணி அண்ணன் பேருல."

"அழிஞ்சது காலைல ஆறு பன்னெண்டுக்கு," என்றார் மணிமொழி. "அப்ப இந்தப் பொண்ணோட லேப்டாப் பூட்டுன ஆபீசுக்குள்ள இருந்துச்சு. சாவி உங்க பையில பாலசுந்தரம். லேப்டாப்பை வூட்டுல வச்சிருந்தது ஒரே ஒருத்தர். கடிகாரத்தை மாத்தினவரும் அவரே. மாத்தினது தெரிஞ்சும் உங்களைக் கூட்டச் சொன்னதும் அவரேதான். கூட்டினாத்தானே நேரம் பந்திக்குள்ள போய் விழும்?"

பாலசுந்தரம் குறுக்கிட்டார். "வீரா ஏன் மேடம் அழிக்கணும்? ராப்பகலா இதைக் கட்டுனவனே அவன்தானே?"

"அவர் அழிக்கல. அந்த வெள்ளிக்கிழமை நகலெல்லாம் இருக்காம்மா?"

"இருக்கு மேடம். ஆறும் இருக்கு." அபிநயா ஒவ்வொன்றாகத் திறந்தாள். "எல்லாமே காலி. மொத வாரத்துதே காலி. தேதி மட்டும் அந்தந்தத் தேதியாவே இருக்கு."

"சனிக்கிழமை அழிச்சவன் ஆறு வாரத்துக்கு முந்தின தேதியில காலி நகல் எடுத்து வைக்க மாட்டான். அந்தத் தனி இடத்துல ஒரு நாள்கூட ஒன்னும் இருந்ததில்ல. கொல்லைக் கணக்கு மொத்தமும் பெட்டிக்குள்ளயே இருந்திருக்கு. சனிக்கிழமை காலைல பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வச்சாரு. அதோட எல்லாம் போயிடுச்சு. 'காலியாகத் தொடங்கியது'ன்னு மெஷின் எழுதுனது அந்தப் புதுப் பெட்டியைத்தான். சரிதானா வீரமணி?"

வீரமணி ஒத்துக்கொண்டார். "தனி இடத்தோட இணைக்கிற ஒரு வரி மேடம். அதை எழுத மறந்திருக்கேன். இணைச்சாச்சுன்னே நெனச்சிட்டிருந்தேன். அதிகாரிங்க வர்றாங்களே, நேரம் சரியாத் தெரியணும்னு புதுப் பெட்டி வச்சேன். வச்ச அடுத்த நிமிஷம் பூஜ்யம். கையும் ஓடல காலும் ஓடல. ஆறு வாரம் அந்தப் பொம்பளைங்க நடந்தது எல்லாம் என்னாலதான்னு எப்படிச் சொல்றது?"

"சொல்லியிருந்தா திட்டியிருப்பேன்டா," என்றார் பாலசுந்தரம். "வேற என்ன செஞ்சிருப்பேன்?"

அபிநயா வீரமணியைத் திரும்பிப் பார்த்தாள். "ரெண்டு நாளா ராத்திரி ஆனா போன் பண்ணுனீங்களேண்ணே. சாப்பிட்டியாம்மா, தைரியமா இரு, நல்ல வக்கீலா பாப்போம்னு சொன்னீங்களே. அப்பல்லாம் தெரிஞ்சுதான் பேசுனீங்களா?"

வீரமணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மணிமொழிக்கு அந்த நிமிஷம் அவர்மேல் வந்த அருவருப்பு, அதுவரை வந்த சந்தேகத்தையெல்லாம் விடப் பெரிதாக இருந்தது. "நீங்க என்கூட ஸ்டேஷனுக்கு வாங்க," என்று மட்டும் சொன்னார்.

பாலசுந்தரம் புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். அபிநயாவிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் கேட்டுக்கொண்டாளே தவிர, பரவாயில்லை என்று சொல்லவில்லை.

"உன் பேரு எந்த நோட்டுலயும் ஏறலம்மா. தைரியமா சரிபார்ப்புக்குப் போ," என்றார் மணிமொழி.

அபிநயா பாலசுந்தரம் எழுதிய தாளை வாங்கி இரண்டு தடவை படித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"நீங்க சொல்றதை எழுதி, ஸ்டேஷன் சீல் வச்சு எனக்கு ஒரு காப்பி கொடுங்க மேடம். வாய் வார்த்தையை இனிமே நான் யாருகிட்டயும் வாங்கிக்க மாட்டேன்."

மணிமொழிக்கு அது தப்பாகப் படவில்லை. அன்று மாலையே எழுதி, சீல் வைத்துக் கொடுத்தார்.