ஒன்ஸ்மோர்

ஒத்திகையில் பாட்டு முடிந்து கருத்தக்கண்ணன் செத்துக் கிடந்தபோது, ஆர்மோனியம் வாசிக்கும் அழகுமலை விளையாட்டாக "ஒன்ஸ்மோர்" என்றார். கருத்தக்கண்ணன் எழும் முன்பே பக்கத்தில் மேடைப் பலகை முனகியது. படுத்திருந்த ஆள் கையூன்றி எழுந்தால் வருமே, அந்தச் சத்தம். திரும்பினான். யாருமில்லை. மதிய வெயிலில் தகரக் கூரை மட்டும் படபடத்துக்கொண்டிருந்தது.

இந்தச் சிம்மக்கல் கொட்டகையில், இதே பலகையில்தான் போன மாதம் ராஜபார்ட் பேயாண்டி விழுந்தார். பாம்பு கடித்துச் சாகும் இளவரசன் வேஷம். செத்த பிறகும் சனங்கள் ஒன்ஸ்மோர் கேட்டால் எழுந்து பாடிவிட்டுத்தான் மறுபடி சாக வேண்டும். நாடகக்காரன் பிழைப்பு அப்படி. பேயாண்டியும் திரும்பத் திரும்ப எழுந்து பாடினார். கடைசி ஒன்ஸ்மோருக்கு எழவில்லை. அதுவும் நடிப்பென்று நினைத்து, படுதா விழும்வரை கூட்டம் விசிலடித்துக் கேட்டுக்கொண்டே இருந்தது.

இத்தனை வருஷம் சேலை கட்டி ஸ்திரீபார்ட் போட்டுச் சலித்த கருத்தக்கண்ணனுக்கு இன்று அந்த வேஷம். கோட்டைவிட்டால் மறுபடியும் சேலைதான். வில்லாபுரத்திலிருந்து பெண்டாட்டி அன்னக்கொடி வேறு பார்க்க வருகிறாள். ஆனாலும் பலகைச் சத்தத்தைச் சொல்லி, ஒன்ஸ்மோர் கேட்டால் எழாமல் கிடந்துவிடட்டுமா என்று அழகுமலையிடம் கேட்டான்.

"கிடந்தா செருப்பு பறக்கும் மாப்ள. கேட்டா எந்திரிச்சுத்தான் ஆகணும்."

சொல்லிச் சிரித்தார். ஆனால் அந்தப் பலகையை மிதிக்காமல் சுற்றித்தான் போனார்.

இரவு, பெட்ரோமாக்ஸ் விளக்குகள் இரைய, பீடிப்புகையும் மல்லிகைப்பூவும் அரிதாரமும் ஒன்றாகக் கலந்து மூச்சை அடைக்க, பேயாண்டி போட்டிருந்த அதே சரிகைச் சட்டையில், எத்தனை வெளுப்புக்கும் போகாத அவருடைய புகையிலை வாசத்தை முகர்ந்தபடியே கருத்தக்கண்ணன் பாடினான். நன்றாகவே பாடினான். முன்வரிசையில் அன்னக்கொடி பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தாள். பாடி முடித்து, விழுந்து, செத்தான்.

"ஒன்ஸ்மோர்!"

கொட்டகையே அதிர்ந்தது. எழப் பார்த்தான். கை வரவில்லை. கால் வரவில்லை.

பலகை முனகியது.

சரிகைச் சட்டை எழுந்தது. அவனுடைய முகம். அவனுடைய கிரீடம். குரல் மட்டும் பேயாண்டியுடையது.

ஆர்மோனியம் ஒரு கணம் தடுமாறியது. அழகுமலைக்கு அந்தக் குரல் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு வாசித்தார். காலடியில் கிடந்த கருத்தக்கண்ணன் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

பாட்டு முடிந்தது. இனி விழ வேண்டும்.

விழவில்லை.

எழுந்து நின்றவர் முன்வரிசையைப் பார்த்தார். அன்னக்கொடியைப் பார்த்தார். புள்ள, அது நானில்ல என்று கருத்தக்கண்ணன் கத்தினான். உதடு அசையவில்லை.

அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். அவளும் சிரித்தாள்.