குறையே சொல்லாத பண்ணை

பண்ணையில் அவளுக்குக் கொடுத்த தலையணை ஈரமாக இருந்தது. தண்ணீர் ஈரமில்லை, விரலில் ஒட்டி நூல் நூலாக இழுபட்டது. மோந்து பார்த்தாள். ஊசிப்போன பால் வாடை. சீ!

வேலை செய்தால் சாப்பாடும் தங்க அறையும், சம்பளம் கிடையாது. அப்படி மூன்று பண்ணைகளை இணையத்தில் பார்த்திருந்தாள். ஒன்றில் அட்டைக்கடி, இன்னொன்றில் முதலாளிக்கு வாய் நீளம் என்று தங்கியவர்கள் புலம்பியிருந்தார்கள். இந்தப் பன்றிப் பண்ணையைப் பற்றி மட்டும் ஒருத்தர்கூடக் குறை சொல்லவில்லை. பச்சைச் சட்டை போட்ட பெண் ஒருத்தி, வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கும் படத்தோடு, 'சாப்பாட்டுக்குக் குறைவே இல்லை' என்று எழுதியிருந்தாள்.

"குறையே இல்லாத இடம் எங்கடி இருக்கு?" என்று கிளம்பும்போது அக்கா கேட்டாள்.

"உன் வீட்டுக்காரர் மூஞ்சியில முழிக்கிறதுக்கு எதுவும் மேல்."

அப்படிச் சொல்லிவிட்டுக் கிளம்பி வந்தவள், இனி எந்த முகத்தோடு திரும்பிப் போவாள்? பல்லைக் கடித்துக்கொண்டு தலையணையைத் திருப்பிப் போட்டாள். அந்தப் பக்கமும் ஈரம்.

பண்ணைக்காரம்மா கதவோரம் வந்து நின்றாள். "போனை எடுத்து நம்ம பண்ணையைப் பத்தி நாலு வரி நல்லதா எழுதிடும்மா. வந்தவுடனே எழுதிடறதுதான் இங்க வழக்கம்."

"இன்னும் ஒருவேளைகூட சாப்பிடலையே ஆன்ட்டி?"

"அப்புறம் யாராலயும் எழுத முடியறதில்ல."

சரியான சோம்பேறிக் கூட்டம் போல என்று நினைத்துக்கொண்டு எழுதினாள். ஐந்து நட்சத்திரம். அந்தம்மா போனை வாங்கிப் படித்துவிட்டுத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். கையில் ஒரு கழுநீர் வாளியைக் கொடுத்து, பன்றிக் கொட்டிலைக் காட்டினாள்.

வாளி வெதுவெதுவென்றிருந்தது. மேலே கொழுப்பு ஏடு கட்டியிருக்க, இடையிடையே முட்டை ஓடும் மயிரும் யாரோ மென்று துப்பிய எலும்பும் மிதந்து, அடிக்கு அடி தளும்பி அவள் காலில் தெறித்து விரலிடுக்கில் வழிந்தது. வாயால் மூச்சுவிட்டாள். வாடை நாக்கில் படிந்தது.

கொட்டிலுக்குள் இருட்டு. சளப், சளப் என்று சத்தம். தொட்டியில் கொட்டினாள்.

பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

"ஆன்ட்டி! நான் உள்ள இருக்கேன்!"

"தெரியும்மா. ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடு."

கண் இருட்டுக்குப் பழகியது. பன்றிகள். நடுவே, பன்றி அல்லாதவை. முழங்கால்கள். உள்ளங்கைகள். சாணியில் ஊறிய பச்சைச் சட்டை.

அது தொட்டியிலிருந்து முகத்தைத் தூக்கியது. மோவாயில் கொழுப்பு நூல் நூலாக இழுபட்டது. இவளைப் பார்த்து, படத்தில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தது. பிறகு கொஞ்சம் நகர்ந்து, தொட்டியில் இவளுக்கு இடம் விட்டது.