ஒரு சாண் நாடா

பழைய வீடியோ கேசட்டுகளுக்கு உயிர் கொடுப்பதால் தெருவில் அவனுக்கு டேப் டாக்டர் என்று பெயர். அதில் பாதி கேலி, பாதி மரியாதை. அவன் மரியாதையை மட்டும் எடுத்துக்கொண்டான். வீட்டின் முன்னறைதான் கடை. பின்னறையில் நிறைமாத மனைவி மதியத் தூக்கத்தில் இருந்தாள்.

மழை விடாமல் பிடித்துக்கொண்ட அந்த மதியம், தையல்கடை அம்மா பை நிறையக் கேசட்டுகளோடு வந்தார். எல்லாம் கறுப்பு வெள்ளையில் ஜப்பானிய சாமுராய் படங்கள். காலமான கணவர் உயிராகப் பொத்திப் பொத்தி வைத்தவை. வெளியூரில் இருக்கும் மகன் பிரதி கேட்கிறானாம்.

"இந்த ஒண்ணுல மட்டும் நடுவுல கொஞ்ச நேரம் கோடு கோடா ஓடும். அத சரி பண்ணிடாதீங்க, தம்பி. அவரே வேணும்னு பண்ணினது" என்றார்.

"சரிம்மா" என்று தலையாட்டிவிட்டு, உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். கோடு ஓடுகிற படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊர் வாயில் யார் விழுவது?

அவர் தலை மறைந்ததும் கேசட்டைத் திறந்தான். ஒரு சாண் நீளத்துக்கு நாடா கசங்கிக் கிடந்தது, மேலே பசை தடவியிருந்தது. பார்த்ததும் அவனுக்குக் கை துறுதுறுத்தது. ஈரப் பஞ்சால் பசையைத் துடைத்தான். சுருக்கங்களை நகத்தால் பொறுமையாக நீவிக் காயவைத்தான். மறுபடி பூட்டி, திரையில் வெளிச்சம் படாமல் ஜன்னலைச் சாத்திவிட்டு ஓடவிட்டான்.

மரத்தரை போட்ட நீண்ட கூடம். கடைசியில் காகிதக் கதவு. கிழட்டு வீரன் ஒருவன் உட்கார்ந்து வாளைத் துடைத்துக்கொண்டிருந்தான். இந்தப் படத்தை டேப் டாக்டர் பல முறை பார்த்திருக்கிறான். அந்தக் காட்சியில் வேறு ஆளே கிடையாது என்று அடித்துச் சொல்வான்.

பசை துடைத்த இடம் வந்தது.

கிழவனுக்குப் பின்னால் இன்னொருவன் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான்.

படம் பளிச்சென்று இருந்தது. அவன் முகம் மட்டும் தெளியவில்லை. அவன் கிழவனைப் பார்க்கவில்லை. திரைக்கு வெளியே, டேப் டாக்டரின் தோளுக்கு மேலாக, பின்னறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாடாவைப் பின்னுக்கு ஓட்டி மறுபடி போட்டான்.

இப்போது அந்த ஆளின் வலது முழங்கால் தரையை விட்டு எழும்பியிருந்தது.

மண்டியிட்டிருப்பவன் வாளை உருவும் முன் அந்தக் காலைத்தான் தூக்குவான். இத்தனை படம் பார்த்தவனுக்கு அது தெரியாதா? மனைவி எழுந்துவிடக் கூடாதென்று குரலை அடக்கிக்கொண்டு தையல்கடைக்குப் போன் செய்தான்.

"அம்மா, அந்தப் படத்துல பின்னால ஒருத்தன்..."

அந்தப் பக்கம் தையல் மிஷின் சத்தம் நின்றது.

"பசையத் தொடச்சிட்டீங்களா?"

"ஆமாம்மா. மறுபடி தடவிடட்டுமா?"

"அவன் எழும்பறதுக்கு முன்னால தடவணும், தம்பி. வீட்ல யாரு இருக்கா?"

"என் மனைவி. நிறைமாசம். பின்னால தூங்குறா."

"அவள படம் ஓடற ரூமுக்குள்ள விடாதீங்க. எங்க மூத்த பொண்ணு, அவங்க அப்பா இத ஓடவிட்ட அன்னைக்கு, அவருக்குத் தண்ணி எடுத்துக்கிட்டு உள்ள வந்தா. வந்தவ திரும்பிப் போகல."



போனைப் போட்டுவிட்டு, பசை தடவ அவன் கேசட்டை வெளியே இழுத்தான். அது கையில் சூடாக இருந்தது. திரை அணைந்திருக்க வேண்டும். அணையவில்லை. கிழவன் வாளைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

அவனுக்குப் பின்னால் இடம் காலியாக இருந்தது.

சாத்திய அறைக்குள் ஈர வைக்கோல் வாடை அடித்தது. கூடவே எண்ணெய் விளக்கின் கரிப்புகை. கடைக்குப் போட்டிருப்பது சிமென்ட் தரை. அந்தத் தரையில், அவனுக்குப் பின்னால், மரப்பலகை மெல்ல முனகியது.

அவன் பயந்தது தனக்காக அல்ல. பின்னறைக் கதவைத் தாழிட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். நாற்காலியைத் தள்ளிவிட்டுத் திரும்பினான்.

கதவு திறந்திருந்தது.

கலைந்த தலையும் பாதித் தூக்கமுமாக, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு அவள் நின்றிருந்தாள். உள்ளே போ என்று கத்தினான். வாய் அசைந்ததே தவிரச் சத்தம் வரவில்லை. அவள் அவனைப் பார்க்கவுமில்லை. இருவருக்கும் நடுவே இருந்த வெறும் தரையைப் பார்த்து, மரியாதையாக லேசாகச் சிரித்தாள்.

"ஏங்க, வந்தவர ஏன் தரையில உக்கார வச்சிருக்கீங்க?" என்று அவனை மெல்லக் கடிந்துகொண்டாள். "பாவம், எழுந்திருக்கப் பாக்கறாரு."