புல்லுக்குள் பேசிய குரல்

ஏணியில் இறங்க இன்னும் நாலைந்து படிகளே இருந்தபோது, கீழே புல் பேசுவது துவாரகனுக்குக் கேட்டது.

கொட்டியாரக் குடாவின் உப்புக்காற்று, வெட்டாமல் விட்டிருந்த புல்லை வானொலிக் கோபுரத்தின் அடியில் சாய்க்கும்போதெல்லாம் அதன் நுனி இரும்பில் பட்டு நீலப்பொறி சிந்தியது. பொறி தெறித்த ஒவ்வொரு தடவையும், தகரத்தைச் சுரண்டுவது போன்ற குரலில் ஒரு துண்டுச் சொல் எழுந்து, கருகிய பச்சை மணத்தோடு அடங்கியது.

உச்சியிலுள்ள சிவப்பு விளக்கை மாற்ற அவன் ஏறுமுன், கீழே அறையில் முனாஸ் நானா ஒலிபரப்பு மிசினை நிறுத்தியிருந்தார். இப்போது அது ஓடுகிறது. இங்கே கோபுரம் முழுவதுமே அன்ரெனா. அறையில் மைக்கில் பேசுவது மின்சாரமாய் இந்த இரும்பில் ஏறி, அலையாகி மாவட்டமெங்கும் போகும். மண்ணில் படாமல் பீங்கான்மேல் நிற்கும் இந்த இரும்பில் இருக்கும்வரை, கம்பியில் குந்திய காகம்போல அவனுக்கு ஒன்றுமில்லை. கை இரும்பிலிருக்கக் கால் மண்ணைத் தொட்டால், அவ்வளவும் அவனூடாக இறங்கும். எரிந்துபோவான்.

"நானா! மிசினை நிப்பாட்டுங்கோ! நான் இன்னும் இறங்கேல்ல!"

அறைக்குப் பின்னாலிருந்து, மைம்மல் இருட்டில் முனாஸ் நடந்து வந்தார். ஏணிக்கு நேர்கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"மிசின் நிண்டுட்டு தம்பி. இறங்குங்க."

"அப்ப புல் ஏன் பொரியுது?"

"இறங்குங்க."

காற்று வலுத்தது. புற்கள் கூட்டமாய் இரும்பில் சாய, சொற்கள் ஒன்றுசேர்ந்தன. அதுவும் முனாஸின் குரல்தான். அழுதது.

"தம்பி, இறங்காதீங்க. நான் அறைக்குள்ள இருக்கன், கதவைத் திறக்க ஏலாம இருக்கு. உங்களை மேலயே நிப்பாட்டத்தான் மிசினைப் போட்டன். வெளிய நிக்கிறது நானில்ல."

துவாரகன் இரும்பை இறுகப் பற்றினான். எட்டிக் குதித்தால் தப்பலாம். இரும்பை விட்ட பிறகு மண்ணைத் தொட்டால் போதும். அவன் வலப்பக்கம் நகர்ந்தான். கீழே நின்றவரும் நகர்ந்தார். இடப்பக்கம். அவரும்.

"மிசின் நிண்டதெண்டால்," அவன் கீழே பார்த்துச் சொன்னான், "இரும்பைத் தொட்டுக் காட்டுங்கோ."

அவர் சிரித்தார்.

வெறுங்கால்கள் ஈரமண்ணில். கை நீண்டது. இரும்பைத் தொட்டது.

விரல்களில் நீல நெருப்பு. தோல் கருகும் மணம். அவர் கையை எடுக்கவில்லை. கண் இமைக்கவில்லை. வாய் மட்டும் மெல்லத் திறந்தது. உதடுகள் அசையாத அந்த வாயிலிருந்து, உள்ளே அடைபட்டவரின் அழுகுரல் வெளியே வந்தது.

"இறங்காதீங்க தம்பி… இறங்காதீங்க…"

அவரது மற்றக் கை ஏணியின் முதற்படியைப் பிடித்தது.