தட்டிப் பார்க்காத பலகை

சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு டேவிட்சன் ஏரிக்கரைக்கு இறங்கியபோது மாலை நான்கு மணி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றாம் வருடம்; அன்று தொழிற்சாலை ஆண்டு விழா. சிகந்தராபாத்தைத் தாண்டி அல்வால் பக்கம் இருந்த அந்த ஏரியில் ஊழியர் மன்றத்துக்கு ஒரே ஒரு மரப்படகு உண்டு. விழாவுக்கு முன்னால் அதைக் கரையேற்றி, குப்புறக் கவிழ்த்து, அடிப்பலகை ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டிப் பார்த்து, ‘நல்ல நிலை’ என்று கையெழுத்துப் போடுவது மரப்பட்டறை டேவிட்சனின் வேலை.

கையெழுத்து மட்டும் தவறியதே இல்லை.

அந்தத் தொழிற்சாலையில் எதற்கும் முதலில் பெயிண்ட், பிறகுதான் பரிசோதனை. பளபளவென்று பச்சை அடித்து நிற்கும் படகைக் கவிழ்த்தால் பெயிண்ட் உரிந்துவிடும் என்று மன்றத்தார் முகம் சுளிப்பார்கள். கவிழ்க்க ஆறு ஆள் வேறு வேண்டும். போன வருடம் டேவிட்சன் மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பத்தாம் நாள் படகோட்டி கிட்டு நடு ஏரியில் படகோடு மூழ்கிப் போனான். குடித்துவிட்டு ஓட்டினான் என்று விசாரணையில் முடிவாயிற்று. கிட்டு குடிக்கிறவன் இல்லை. அது டேவிட்சனுக்கு நன்றாகத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

படகை மீட்டு வந்தபோது, யாரும் பார்க்கும் முன்பே அடிவிரிசலில் தாரைப் பூசி மறைத்தார். மறுபடி பச்சை அடித்தார்கள். இந்த வருடமும் அவர் அதைக் கவிழ்க்கவில்லை. கவிழ்த்தால் உளுத்த பலகையோடு பழைய பொய்யும் வெளியே வரும். மகள் யூனிஸை மட்டும் படகுப் பக்கம் விடாதே என்று மனைவி செலினிடம் காலையில் இரண்டு தடவை சொல்லியிருந்தார். அடுத்தவர் பிள்ளைகளைப் பற்றி அவர் நினைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கரையில் செலின் முறுக்குத் தட்டோடு நின்றாள். யூனிஸ் எங்கே என்று கேட்டதும் அவள் முகம் வெளுத்தது. கண் அசந்த நேரத்தில் மற்றப் பிள்ளைகளோடு ஏறிவிட்டாளாம்.

நடு ஏரியில் பச்சைப் படகு. ஐந்து குழந்தைகள். முன்னால் யூனிஸின் மஞ்சள் கவுன். பின்முனையில் துடுப்புப் போடுகிறவனின் முதுகு மட்டும் தெரிந்தது. சட்டை ஈரமாக ஒட்டியிருந்தது.

டேவிட்சன் புதுப் படகோட்டி தியாகுவின் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

“சார், நான் இங்க இருக்கேன்.”

தியாகு பின்னால் டீ கிளாஸோடு நின்றான்.

“அப்ப படகுல யாரு?”

“நீங்க அனுப்புன ஆளுன்னு சொன்னாரு, சார்.”

காற்று நின்றுவிட்டது. சேற்று நாற்றம் குப்பென்று எழுந்தது. துடுப்பு தண்ணீரில் விழுவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. படகு கரையைவிட்டு விலகிக்கொண்டே போனது.

கிட்டு மூழ்கிய இடத்தை நோக்கிப் போனது.

டேவிட்சன் தண்ணீரில் இறங்கி ஓடினார். இடுப்பளவு வந்ததும் சேறு காலைப் பிடித்துக்கொண்டது. அவருக்கு நீச்சல் தெரியாது. கர்த்தாவே என்று ஆரம்பித்தார்; அடுத்த சொல் வரவில்லை. முதுகுக்குப் பின்னால் நலத்துறை அதிகாரி உமாசங்கரும் இருநூறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலை போகும், ஜெயில்கூடக் கிடைக்கும். போகட்டும்.

“கிட்டு, நான் பார்க்காமத்தான் கையெழுத்துப் போட்டேன். தாரைப் பூசி மறைச்சதும் நான்தான். உன் மேல தப்பே இல்லை. பிள்ளைங்களை விட்டுடு.”

படகு நின்றது.

பிறகு மெல்லத் திரும்பியது. திரும்பியபோது பின்முனையில் யாரும் தெரியவில்லை. துடுப்பு தனியே மிதந்து போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் படகு நேராக அவரிடம் வந்தது.

டேவிட்சன் கையைப் படகின் அடியில் விட்டுத் தடவினார். நனைந்த ரொட்டி மாதிரிப் பலகை பிய்ந்தது. கை முழங்கை வரை உள்ளே போயிற்று.

படகுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

ஐந்து குழந்தைகளும் இறங்கின. உமாசங்கர் டேவிட்சனின் முகத்தைப் பார்க்காமல், படகைக் கரையில் இழுத்துக் கவிழ்க்கச் சொன்னார். ஆறு பேர் கைகொடுத்தார்கள். அசையவில்லை. பத்துப் பேர் சேர்ந்து மூச்சுப் பிடித்துத் தூக்கியும் பின்முனை துளிகூட எழும்பவில்லை.

யூனிஸ் டேவிட்சனின் ஈரச் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“நக்கோ டாடி, தூக்க வேண்டாம்,” என்று அவர் காதில் சொன்னாள். “அங்கிள் இன்னும் இறங்கலை.”